பாடங்களைக் குறைத்துக்கொண்டு பட்டம் முடிப்பது எப்படி: வலிக்கும் கையோடு படித்த ஒருத்தியின் குறிப்புகள்

முதலாம் ஆண்டின் இரண்டாவது செமஸ்டர் தேர்வில் மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தபோது என் வலது கை பேனாவைப் பிடிக்க மறுத்துவிட்டது. விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. இடது கையால் விரல்களை மடக்கி, பேனாவை நடுவில் செருகிப் பார்த்தேன். இரண்டு வரி ஓடியது. மூன்றாவது வரியில் பேனா நழுவி மேசையில் உருண்டது. பதில்கள் எல்லாம் தெரியும், இன்னும் ஐம்பது நிமிடம் பாக்கி இருந்தது. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அந்த செமஸ்டரில் ஐந்து பாடங்களில் இரண்டு போயின.

முடக்குவாதம், டாக்டர்கள் மொழியில் ருமட்டாய்ட் ஆர்த்ரைடிஸ், என்று தெரிந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. பல்கலைக்கழகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சலுகை தேடுகிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். தேர்வு முடிவு வந்த பிறகுதான் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான அலுவலகத்துக்குப் போனேன். "முன்னாடியே வந்திருந்தால் ஏற்பாடு செய்திருக்கலாம். முடிந்துபோன தேர்வுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்றார்கள்.

இதை எழுதுவதே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். கூடுதல் நேரம், கணினி போன்ற எந்த ஏற்பாடும் பெரும்பாலும் பின்னோக்கி வேலை செய்யாது. அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்துதான் கணக்கு. உடம்பு நன்றாக இருக்கும் வாரத்திலேயே விண்ணப்பித்து வைத்துவிட வேண்டும். கிடைத்த ஏற்பாட்டைப் பயன்படுத்தாமல் விட்டால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

அதன் பிறகு நான் பாடங்களைக் குறைத்துக்கொண்டு ஐந்தரை வருடத்தில் பட்டம் வாங்கினேன். என் பின்னால் வந்த பத்துப் பதினைந்து பேருடன் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் விண்ணப்பத்தையும் எழுதியிருக்கிறேன். அதில் கற்றுக்கொண்டது எல்லாம் கீழே.

முதலில் அந்தத் தயக்கத்தைப் பற்றி

என்னிடம் வரும் பிள்ளைகள் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல ஒன்றைக் கேட்கிறார்கள்: "அக்கா, நிஜமாகவே முடியாதவர்களுக்கு வர வேண்டியதை நான் பிடுங்கிக்கொள்வது போல ஆகிவிடாதா?" ஆகாது. கூடுதல் நேரம் என்பது எண்ணி வைத்த பங்கு கிடையாது. நீங்கள் வாங்கினால் இன்னொருவருக்குக் குறையாது.

சட்டமும் இதைத் தயவாகப் பார்க்கவில்லை. 2006-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கை, நியாயமான ஏற்பாட்டை மறுப்பதையே பாகுபாடு என்று வரையறுக்கிறது. அதன் 24-ஆவது பிரிவு உயர்கல்வியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம். அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆவது பிரிவும், 1990-ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டமும். அந்த 1990 சட்டத்துக்கு 2008-ல் வந்த திருத்தம் என்னைப் போன்றவர்களுக்கு முக்கியமானது. வந்து வந்து போகும் நோயாக இருந்தாலும், அது கிளம்பும்போது வாழ்க்கையை முடக்குமானால் குறைபாடு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. "இன்றைக்கு நன்றாகத்தானே இருக்கிறாய்" என்று யாராவது சொன்னால் பதில் அங்கே இருக்கிறது.

இவை தானாக வந்துவிடவில்லை. பின்னாளில் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் போராடிய எட் ராபர்ட்ஸ் 1962-ல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, போலியோவால் கழுத்துக்குக் கீழே பெரும்பாலும் செயலிழந்திருந்தார். தூங்குவதற்கு, மூச்சுவிட உதவும் இரும்பு நுரையீரல் என்ற இயந்திரத்துக்குள் படுக்க வேண்டும். அதன் எடையைத் தாங்கும் விடுதி அறை அங்கே இல்லை. வளாகத்து மருத்துவமனையின் ஒரு பகுதியையே அவருக்குத் தங்குமிடமாகக் கொடுத்தார்கள். 504-ஆவது பிரிவு 1973-லேயே சட்டமானாலும், அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் கையெழுத்து விழுந்தது 1977 ஏப்ரல் 28-ல்தான். அதற்காக சான் ஃபிரான்சிஸ்கோவில் மாற்றுத்திறனாளிகள் ஒரு அரசுக் கட்டடத்துக்குள் மூன்று வாரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். மருந்தும் படுக்கையும் சரியாக இல்லாமல், சக்கர நாற்காலிகளோடு. விண்ணப்பத்தை நீட்டக் கூச்சமாக இருக்கும்போது நான் அவர்களை நினைத்துக்கொள்வேன்.

அலுவலகத்துக்குப் போகும் முன் கடிகாரத்தை எடுங்கள்

முதல் சந்திப்பில் அங்கே இருந்த அதிகாரி அம்மா என் மருத்துவக் கோப்பை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "நோயின் பெயர் புரிகிறது. ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் எழுத முடியும்?"

"கொஞ்ச நேரம்தான்."

"கொஞ்சம் என்றால் எத்தனை நிமிடம்மா?"

என்னிடம் பதில் இல்லை. அன்று மாலை பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்து, கைபேசியில் நிறுத்துகடிகாரத்தை ஓடவிட்டு எழுத உட்கார்ந்தேன். 17-ஆவது நிமிடத்தில் எழுத்து சாயத் தொடங்கியது. 26-ஆவது நிமிடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. பத்து நிமிடம் கையை நீட்டி வைத்துவிட்டு மறுபடி எழுதினால் 14 நிமிடம்தான் தாங்கியது. மறுநாள் அதே கேள்விகளைக் கணினியில் தட்டச்சு செய்தேன். 50 நிமிடம் போயிற்று. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு முயன்றேன். கணுக்களின் இறுக்கம் விலகவே ஒன்றரை மணி நேரம் ஆனது, எழுதுவது இருக்கட்டும்.

அந்த மூன்று நாள் என் விண்ணப்பத்தையே மாற்றிவிட்டது. அதுவரை ஸ்க்ரைப், அதாவது நான் சொல்லச் சொல்ல எழுதும் ஆள், கேட்கலாம் என்றிருந்தேன். நான் யோசித்து யோசித்து அடித்துத் திருத்தி எழுதுகிறவள். இன்னொருவர் கையில் எழுதினால் என் பதில் என் பதிலாக இருக்காது. கணினியில் ஐம்பது நிமிடம் தாங்குகிறது என்று தெரிந்ததும் கணினி கேட்டேன். கூடவே 45 நிமிடத்துக்கு ஒரு முறை பத்து நிமிட இடைவேளை, ஒன்றரை மடங்கு நேரம், காலை பத்து மணிக்கு முன் தேர்வு வேண்டாம் என்பது. நான்கும் கிடைத்தன, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு எண் இருந்ததால்.

உங்கள் பிரச்சினை வேறாக இருக்கும், அளவும் வேறாக இருக்கும். ஒற்றைத் தலைவலி என்றால் கடந்த மூன்று மாதத்தில் எத்தனை நாள் படுக்கையிலேயே போயிற்று? கவனக்குறைபாடு என்றால் ஒரு பக்கத்தை எத்தனை முறை திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது? மனச்சோர்வு என்றால் எழுந்திருக்கவே முடியாத நேரம் எது, மருந்து எந்த நேரத்தில் தூக்கத்தைக் கொண்டுவருகிறது? பார்வைக் குறைவு என்றால் எந்த எழுத்தளவில் மணிக்கு எத்தனை பக்கம் போகிறது? காது கேட்பதில் சிரமம் என்றால் பேராசிரியர் பலகைப் பக்கம் திரும்பிப் பேசும்போது என்னென்ன விட்டுப்போகிறது? முதல் வகை நீரிழிவு என்றால் மூன்று மணி நேரத் தேர்வில் சர்க்கரையைப் பார்க்கவும் எதையாவது வாயில் போட்டுக்கொள்ளவும் எத்தனை முறை எழுந்திருக்க வேண்டும்? இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தேதி, என்ன செய்தேன், எவ்வளவு நேரம், எங்கே நின்றது. அவ்வளவு போதும்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கடிதம்

டாக்டர்கள் பழக்கத்தில் இரண்டு வரி எழுதித் தருவார்கள். இன்ன நோய், இத்தனை நாளாகச் சிகிச்சை, ஓய்வு தேவை. அதை வைத்து அலுவலகத்தால் எதுவும் முடிவு செய்ய முடியாது. நோய் உங்கள் படிப்பில் எங்கே கை வைக்கிறது என்று கடிதம் சொல்ல வேண்டும். உங்கள் நோட்டை அவரிடம் காட்டி, இந்த மாதிரி எழுதித் தரச் சொல்லுங்கள்:

"இவருக்கு இரு கை மூட்டுகளிலும் நீண்டகால அழற்சி நோய் உள்ளது. தீவிரம் கூடியும் குறைந்தும் வரும். எப்போது கூடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. 25 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து கையால் எழுதினால் வலியும் வீக்கமும் வருகின்றன. காலையில் மூட்டு இறுக்கம் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் இருக்கும். வாரம் ஒருமுறை எடுக்கும் மருந்தால் அடுத்த நாள் சோர்வும் குமட்டலும் ஏற்படுகின்றன. தேர்வுகளில் கணினி, கூடுதல் நேரம், இடைவேளை ஆகியவற்றையும், செமஸ்டருக்கு மூன்று பாடங்களுக்கு மிகாத பாடச்சுமையையும் பரிந்துரைக்கிறேன். இந்த நிலை குறைந்தது இரண்டு ஆண்டுகள் நீடிக்கும் என எதிர்பார்க்கிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் செமஸ்டருக்கு ஒரு முறை புதுக் கடிதம் கேட்பார்கள். பாடச்சுமையைக் குறைக்கும் எண்ணம் இருந்தால் அதையும் டாக்டரே எழுத வேண்டும். நீங்களாகக் கேட்டால் அது உங்கள் விருப்பமாகவே பதிவாகும்.

கற்றல் குறைபாடு, கவனக்குறைபாடு இவற்றுக்கு உளவியல் மதிப்பீட்டு அறிக்கை கேட்பது வழக்கம். பள்ளியில் சிறு வயதில் எடுத்த அறிக்கை பழையதாகிவிட்டது என்று சில இடங்களில் ஏற்க மாட்டார்கள். மதிப்பீட்டுக்கு நாள் கிடைப்பதே மாதக்கணக்கில் இழுக்கும், அதனால் சேருவதற்கு முன்பே தொடங்குங்கள். பள்ளியில் கிடைத்துவந்த உதவி பல்கலைக்கழகத்துக்குத் தானாகத் தொடரும் என்றும் நம்பாதீர்கள். பள்ளியில் அம்மா, அப்பா, ஆசிரியர் பார்த்துக்கொண்டார்கள். இங்கே மாணவரே போய்க் கேட்க வேண்டும்.

இந்தியாவில் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 40 சதவீதக் குறைபாடு என்ற சான்று இல்லாதவர்கள் கேட்கவே கூடாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. குடிமைப் பணித் தேர்வு எழுதிய, எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் நோயுள்ள ஒருவரின் வழக்கில், ஸ்க்ரைப் வசதியை 40 சதவீதம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று குறுக்க முடியாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயர்கல்வி இட ஒதுக்கீட்டுக்கு 40 சதவீதம் வேண்டும். தேர்வில் உதவி கேட்பது வேறு விஷயம்.

என்னவெல்லாம் கேட்கலாம்

கூடுதல் நேரம் எல்லோருக்கும் தெரியும். ஒன்றேகால், ஒன்றரை, இரண்டு மடங்கு என்று போகும். இந்தியாவில் 2018-ல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல் ஒரு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத ஈடு நேரம் என்றது. கேட்கத் தோன்றாதவைதான் பல நேரம் அதிகம் உதவுகின்றன. தனி அறை. ஒரே நாளில் இரண்டு தேர்வு வராமல் பார்ப்பது. வகுப்பைப் பதிவு செய்ய அனுமதி. பேராசிரியரின் ஸ்லைடுகள் முந்தின நாளே கிடைப்பது. லிஃப்ட் உள்ள கட்டடத்துக்கு வகுப்பை மாற்றுவது. மற்ற மாணவர்களுக்கு முன்பே பாடத் தேர்வுப் பக்கம் திறந்து, வேண்டிய நேரத்து வகுப்பைப் பிடித்துக்கொள்ளும் முன்னுரிமைப் பதிவு. இந்தக் கடைசி ஒன்று எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய உதவியாக இருந்தது. வாரம் ஒருமுறை எடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வெள்ளி இரவு போட்டால் சனிக்கிழமை முழுக்கத் தள்ளாடும், திங்களுக்குள் தெளிந்துவிடும். காலை எட்டு மணி வகுப்பு ஒன்று கூட இல்லாமல் அட்டவணை போட்டுக்கொள்ள முடிந்தது.

பார்வைத்திறன் குறைந்தவர்கள் புத்தகப் பட்டியலை எவ்வளவு சீக்கிரம் கேட்டு வாங்குகிறார்களோ அவ்வளவு நல்லது. ஒரு கணிதப் புத்தகத்தைத் திரைவாசிப்பானுக்கு (திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள்) ஏற்றபடி மாற்ற வாரக்கணக்கில் ஆகும். திரைவாசிப்பானுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. 2006-ல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் எழுதத் தொடங்கிய என்விடிஏ இலவசமாகவே கிடைக்கிறது. சைகை மொழிபெயர்ப்பாளர், நேரடி வசன எழுத்து இவை வேண்டும் என்றாலும் அதேபோல முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கெடு நீட்டிப்பு கேட்கும்போது கவனம். "தேவைப்பட்டால் அவகாசம் தரப்படும்" என்று எழுதியிருந்தால் அது ஒவ்வொரு முறையும் கெஞ்சுவதில்தான் முடியும். "கெடுவுக்கு முன் மின்னஞ்சல் அனுப்பினால் 72 மணி நேரம், ஒரு பாடத்துக்கு மூன்று முறை வரை" என்று எண்ணோடு எழுதி வாங்குங்கள். வருகைப்பதிவுக்கும் இதே மாதிரிதான்.

ஒரு எல்லையும் உண்டு. பாடத்தின் அடிப்படைத் தேவையை யாரும் நீக்கித் தர மாட்டார்கள். மொழிப் பேச்சுத் தேர்வில் பேச வேண்டும், செவிலியர் படிப்பில் நோயாளியோடு வேலை செய்ய வேண்டும். எந்த வழியில், எவ்வளவு நேரத்தில் என்பதைப் பேசலாம்.

பாடச்சுமையைக் குறைப்பது

இதைத்தான் நான் அதிகம் தள்ளிப்போட்டேன், இதுதான் என்னைக் காப்பாற்றியது.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பு, வெளியே இரண்டு மணி நேரப் படிப்பு என்பது பல இடங்களில் எடுத்துக்கொள்ளும் அளவு. ஐந்து பாடம், அதாவது 15 கிரெடிட், என்றால் வகுப்பு 15, படிப்பு 30, மொத்தம் 45 மணி நேரம். எனக்கு எழுதவும் படிக்கவும் ஒன்றரை மடங்கு ஆகிறது என்றால் அந்த 30 என்பது 45 ஆகிவிடுகிறது, மொத்தம் 60. அதன் மேல் பிசியோதெரபி, ரத்தப் பரிசோதனை, மருந்து எடுத்த மறுநாள். 60 மணி நேரம் என் வாரத்தில் இல்லவே இல்லை. மூன்று பாடத்துக்கு, அதாவது 9 கிரெடிட்டுக்கு, இதே கணக்குப் போட்டால் 9-ம் 27-ம் சேர்த்து 36. அது என் வாரத்துக்குள் நிற்கும். தேர்வில் எவ்வளவு கூடுதல் நேரம் கொடுத்தாலும் வாரத்துக்கு நாள் கூடாது. பல மாணவர்கள் எல்லா ஏற்பாடும் வாங்கிய பிறகும் தோற்பது இந்த இடத்தில்தான். உங்கள் எண்களை வைத்து ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

பிறகு மொத்தப் படிப்பையும் வரைய வேண்டும். எனக்கு மொத்தம் 40 பாடங்கள். முதல் ஆண்டில் 8 தேறியிருந்தேன், பாக்கி 32. செமஸ்டருக்கு மூன்று, கோடையில் ஒன்று என்றால் ஆண்டுக்கு ஏழு. நான்கு ஆண்டில் 28, ஒரு கோடையில் மட்டும் இரண்டு எடுத்தால் 29, கடைசி செமஸ்டரில் மூன்று. சரியாக வந்தது. இதைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். எப்போது முடியும் என்று தெரிந்த பிறகு மெதுவாகப் போவது அவ்வளவு பயமாக இல்லை.

வரையும்போது ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்று சங்கிலியாக வரும் பாடங்களை முதலில் வையுங்கள். ஆண்டுக்கு ஒரே முறை நடத்தும் பாடங்களைச் சுற்றி வட்டமிடுங்கள். அதில் ஒன்றைத் தவறவிட்டால் ஒரு முழு ஆண்டு போய்விடும். மூன்றும் கட்டுரை எழுதும் பாடமாக எடுக்காமல், ஒன்று கட்டுரை, ஒன்று கணக்கு, ஒன்று வாசிப்பு என்று கலந்து போட்டால் கைக்கும் மூளைக்கும் மாற்று கிடைக்கும்.

கையெழுத்துப் போடும் முன் விசாரிக்க வேண்டியவை இனி. இதில் அவசரப்பட்டவர்கள் அழுததைப் பார்த்திருக்கிறேன்.

உதவித்தொகையும் கடனும் முதலில். முழுநேர மாணவர் என்ற தகுதி போனால் இரண்டும் ஆட்டம் காணும். "பாடம் குறைவு, ஆனால் முழுநேரத் தகுதி தொடரும்" என்று எழுத்தில் கிடைக்குமா என்று கேளுங்கள். கனடாவில் கல்விக் கடன் திட்டத்தில் முழுநேரம் என்றால் பொதுவாக 60 சதவீதப் பாடச்சுமை வேண்டும், நிரந்தரக் குறைபாடு உள்ளவர்களுக்கு 40 சதவீதமே போதும். அமெரிக்க மத்திய அரசு உதவித்தொகைக்குப் படிப்பில் முன்னேற்றம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. எடுத்த பாடத்தைப் பாதியில் விட்டால் அது அடிபடும். அதனால் ஐந்து எடுத்து இரண்டை விடுவதை விட, ஆரம்பத்திலேயே மூன்று எடுப்பது மேல். உதவித்தொகை ஆண்டு வரம்போடு வந்தால், கூடுதல் ஆண்டுகளுக்கு நீட்டிப்பார்களா என்றும் கேளுங்கள்.

வெளிநாட்டில் படிப்பவர்களுக்கு விசா. இதில் ஒரு தவறு போதும், எல்லாம் போய்விடும். அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசா வைத்திருப்பவர்கள் மருத்துவக் காரணத்தால் பாடத்தைக் குறைக்கலாம். ஆனால் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி முதலில் அனுமதி தர வேண்டும், அதன் பிறகே பாடத்தை விட வேண்டும். வரிசை மாறக் கூடாது. ஒரு பட்ட நிலையில் மொத்தம் 12 மாதம் வரைதான், ஒவ்வொரு செமஸ்டருக்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். மாற்றுத்திறனாளி அலுவலகம் சரி என்று சொன்னது விசாவுக்குப் போதாது. இரண்டும் வெவ்வேறு கதவு.

அப்புறம் கட்டணம். கிரெடிட் கணக்கில் வாங்கும் இடத்தில் குறைவாகக் கட்டுவீர்கள். செமஸ்டருக்கு ஒரே தொகை என்று வாங்கும் இடத்தில் மூன்று பாடத்துக்கும் ஐந்துக்கான பணம் போகும், கூடுதல் செமஸ்டர்களுக்கும் சேர்த்து. குறைத்துத் தருவார்களா என்று கேட்டே ஆக வேண்டும். விடுதி, காப்பீடு, பேருந்துச் சலுகை இவை முழுநேர மாணவருக்கு மட்டுமா என்றும் பாருங்கள்.

செமஸ்டருக்கு இத்தனை பாடம் என்று கட்டிப்போட்டிருக்கும் கல்லூரிகளில் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். படிப்பை முடிக்க அதிகபட்சம் எத்தனை ஆண்டு? சில தாள்களை அடுத்த செமஸ்டருக்குத் தள்ள விதி இடம் கொடுக்கிறதா? ஒரு செமஸ்டர் இடைவெளி எடுத்தால் இடம் இருக்குமா? இந்தியாவில் 2021-ல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த கிரெடிட் வங்கித் திட்டத்தில், சேர்த்த கிரெடிட்டுகளைப் பொதுவாக ஏழு ஆண்டு வரை வைத்திருக்கலாம். உங்கள் கல்லூரி அதில் சேர்ந்திருக்கிறதா என்று துறையில் விசாரியுங்கள்.

பேராசிரியருக்கு எழுதுவது

அலுவலகம் தரும் கடிதத்தில் பொதுவாக என்ன ஏற்பாடு என்று மட்டும்தான் இருக்கும், நோயின் பெயர் இருக்காது. நீங்களும் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கடிதத்தை முதல் வாரத்திலேயே அனுப்புங்கள், இப்படி நான்கு வரியோடு:

"ஐயா, வணக்கம். உங்கள் செவ்வாய்க்கிழமை வகுப்பில் படிக்கிறேன். தேர்வு ஏற்பாடுகள் பற்றிய அலுவலகக் கடிதத்தை இணைத்துள்ளேன். முதல் தேர்வு எட்டாவது வாரம் என்று பாடத்திட்டத்தில் உள்ளது. கணினியும் தனி அறையும் அதற்குள் பதிவு செய்ய வேண்டும். இந்த வாரம் உங்கள் அலுவல் நேரத்தில் பத்து நிமிடம் சந்திக்கலாமா?"

வகுப்பு முடிந்ததும் எல்லோர் முன்னாலும் போய் நிற்காதீர்கள். அவர் அவசரத்தில் "பார்த்துக்கலாம்" என்பார், எழுத்தில் எதுவும் இருக்காது. நேரில் பேசினாலும் அன்று இரவே "இன்று பேசியபடி" என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

ஒரு பேராசிரியர் என்னிடம், "என் பாடத்தில் வேகமும் ஒரு திறமைதான், கூடுதல் நேரம் தர மாட்டேன்" என்றார். நான் அவரோடு வாதாடி அரை மணி நேரம் நின்றேன், கண் கலங்கி வந்ததுதான் மிச்சம். அதற்குத் தேவையே இல்லை. அனுமதித்த ஏற்பாட்டை மறுப்பது ஒரு ஆசிரியர் தனியாக எடுக்கும் முடிவு கிடையாது. "சரிங்க ஐயா, அலுவலகத்தோடு பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று வெளியே வந்து, அவர் சொன்னதைத் தேதியோடு அலுவலகத்துக்கு எழுதுங்கள். இரண்டு நாளில் எனக்குத் தனி அறையும் நேரமும் வந்தன. அலுவலகமே மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீட்டு வழி எது என்றும் கேளுங்கள். பல நேரம் மறுப்பு என்பது டாக்டர் கடிதத்தில் ஒரு வரி குறைவதுதான். அதை வாங்கிக் கொடுத்தால் முடிந்துவிடும்.

செமஸ்டர் நடுவில் உடம்பு மோசமானால்

பாடத்தை விடுவதற்கான கடைசித் தேதிகளை முதல் நாளே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மதிப்பெண் பட்டியலில் தடமில்லாமல் விடுவதற்கு ஒரு தேதி, விலகினார் என்ற குறிப்போடு விடுவதற்கு ஒரு தேதி, கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்க ஒரு தேதி. அதற்கு ஒரு வாரம் முன்னால் உங்களுக்கு நீங்களே நினைவூட்டல் வைத்துக்கொண்டு, எல்லாப் பாடத்தையும் தாங்க முடியுமா என்று உட்கார்ந்து பாருங்கள். படுக்கையில் விழுந்த பிறகு அந்த முடிவை எடுப்பது கஷ்டம்.

பெரும்பாலான வேலை முடிந்து, கடைசித் தேர்வோ கட்டுரையோ மட்டும் பாக்கி என்றால், முடிவுறாத மதிப்பீடு கேட்கலாம். மீதியை அடுத்த செமஸ்டரில் முடிக்கலாம். ஆனால் அந்தப் பாக்கி அடுத்த செமஸ்டரின் மூன்று பாடங்களோடு நான்காவதாக வந்து உட்காரும். அப்போது அங்கே இரண்டாகக் குறையுங்கள். மருத்துவ விலகல், ஒரு செமஸ்டர் விடுப்பு இவையும் உண்டு. விடுப்பு எடுத்தால் எந்தத் தேதிக்குள் திரும்புவதாகச் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

எல்லாக் காகிதத்துக்கும் ஒரே கோப்பு வையுங்கள். டாக்டர் கடிதம், அலுவலக அனுமதி, பேராசிரியர்களின் பதில்கள், உங்கள் அளவு நோட்டு. அலுவலகத்தில் ஆள் மாறுவார்கள். புதிதாக வருபவருக்கு உங்களைத் தெரியாது, அந்தக் கோப்பைத்தான் தெரியும்.

கடைசியாக, எல்லோரும் கேட்கும் அந்தக் கேள்வி: பின்னால் வேலைக்குப் போகும்போது இது தெரியுமா? தேர்வில் என்ன ஏற்பாடு இருந்தது என்பது பொதுவாக மதிப்பெண் பட்டியலில் வராது. ஆண்டுகள் தெரியும். என் முதல் நேர்காணலில், பட்டத்துக்கு ஏன் ஐந்தரை வருடம் என்று கேட்டார்கள். "உடல்நலக் காரணமாக அனுமதி பெற்று, குறைந்த பாடங்களோடு படித்தேன். முதல் ஆண்டுக்குப் பிறகு ஒரு பாடம்கூட விட்டுப்போகவில்லை" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள்.